உப்பு ஜாடியின் கணக்கு

என் பெரியப்பாவுக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதாக வைத்தியர் கண்டறிந்து, உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டுமென்று சொல்லி அனுப்பிய நாள் முதலாக, எங்கள் வீட்டு அடுப்பில் அவருக்கென்று தனியாக ஒரு சிறு பாத்திரத்தில் உப்பில்லாத குழம்பு கொதிக்கலாயிற்று. அவரும் அதை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்தக் குழம்புச் சாதம் தொண்டையில் இறங்குவதற்குத் துணையாக மூன்று அப்பளங்களும், மோர்ச் சாதத்துக்கு இரண்டு மோர்மிளகாயும், அதற்கும் மேலாக எலுமிச்சை ஊறுகாயில் ஒரு பெரிய துண்டமும், மாலையில் காபியோடு நாலைந்து உப்பு பிஸ்கோத்துகளும், இரவில் வயிறு உப்புசம் என்று தண்ணீரில் போட்டதும் நுரைத்துப் பொங்குகிற சோடாத் தூள் ஒரு தம்ளரும் அவருடைய நித்திய வழக்கத்தில் இருந்தன. ஆறு மாதம் கழித்தும் கொதிப்பு இறங்காததைக் கண்டு வைத்தியர் விசாரித்தபோது, “உப்பைக் கையால்கூடத் தொடுவதில்லையே, டாக்டர்!” என்று பெரியப்பா பதில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை; உப்பு என்பது ஜாடியில் இருக்கிற வெள்ளைப் பொருள் மட்டுமே என்று மனப்பூர்வமாக நம்பியிருந்தார்.

அந்த நம்பிக்கையைத் திருத்திக்கொள்வதே இந்த அத்தியாயத்தில் நாம் செய்ய வேண்டிய முதற் காரியம். வைத்தியர்கள் உப்பு என்று வாயால் சொன்னாலும் அவர்கள் மனத்தில் இருப்பது சோடியம். 1807ஆம் வருஷத்தில் இங்கிலாந்து தேசத்து ரசாயன நிபுணர் ஹம்ப்ரி டேவி, உருக்கிய காஸ்டிக் சோடாவில் மின்சாரத்தைப் பாய்ச்சி இந்த உலோகத்தை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். கத்தியால் வெட்டும்படி மென்மையானதும், தண்ணீரில் விழுந்தால் சீறி எரிவதுமான அந்தப் பொல்லாத வஸ்து, விஷவாயுவாகிய குளோரினோடு கூடியவுடன் சாதுவாகி நம் இலையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொள்வது இயற்கையின் விநோதங்களில் ஒன்று. நாம் உண்ணும் உப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பங்கு சோடியம், மீதி குளோரின். ஆகவே சோடியத்தின் அளவு தெரிந்தால் அதை இரண்டரையால் பெருக்கி உப்பின் அளவை அறியலாம். 2 கிராம் சோடியம் என்றால் 5 கிராம் உப்பு. இந்த ஒரு பெருக்கலை மட்டும் வாசகர் மனத்தில் இருத்திக்கொண்டால், கடையில் விற்கும் எந்தப் பொட்டலத்தின் முதுகில் அச்சிட்டிருக்கும் விவரமும் அவருக்கு விளங்கிவிடும்.

ஆனால் சோடியம் உப்பில் மட்டும் இல்லை. ஆப்பசோடாவில் நூற்றுக்கு 27 பங்கு சோடியம் உண்டு. ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா 1,200 மில்லிகிராமுக்கு மேலான சோடியத்தைச் சுமந்து வருகிறது. அப்பளக்காரமும் அந்த வர்க்கத்தைச் சேர்ந்ததே. சீனக் கடைச் சமையலில் தூவுகிற அஜினோமோட்டோவில் நூற்றுக்கு 12 பங்கு. பெரியப்பாவின் நுரைக்கும் தூளில் உப்புச் சுவை அவ்வளவாகத் தெரியாவிட்டாலும் அதன் பெரும்பகுதி சோடியச் சரக்குதான். நாக்கு உணரும் உப்பு வேறு, சரீரம் கணக்கெடுக்கும் சோடியம் வேறு என்பது இதனால் விளங்கும்.

இத்தனை எச்சரிக்கையைக் கேட்டதும் சோடியம் ஏதோ விரோதி போலும் என்று எண்ணிவிடலாகாது. வளர்ந்த மனிதனுடைய சரீரத்தில் ஏறக்குறைய 100 கிராம் சோடியம் எப்போதும் இருக்கிறது. அதில் ஒரு பகுதி எலும்பில் சேமிப்பாகக் கிடக்க, எஞ்சியதில் பெரும்பகுதி உயிரணுக்களுக்கு வெளியே ஓடும் நீரில், அதாவது இரத்தத்திலும் உயிரணுக்களைச் சூழ்ந்த நீரிலும், கரைந்து நிற்கிறது. அணுவுக்கு உள்ளே பொட்டாசியம், வெளியே சோடியம் என்று நம் உடம்பு ஒரு வேலி கட்டி வைத்திருக்கிறது; அந்த வேலியைக் காப்பதற்காக ஒவ்வோர் அணுவின் சுவரிலும் இராப்பகலாக இறைக்கும் ஏற்றங்களைப் போன்ற அமைப்புகள் சோடியத்தை வெளியே இறைத்துக்கொண்டும் பொட்டாசியத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் இருக்கின்றன. நரம்பில் செய்தி பாய வேண்டுமானால் இந்த வேலி ஒரு கணம் திறந்து சோடியம் உள்ளே புக வேண்டும். தசை சுருங்குவதற்கும் நெஞ்சு துடிப்பதற்கும் அதுவே தொடக்கம். நீங்கள் இந்த வரியை வாசிப்பதும், வாசித்து முடித்த பக்கத்தைப் புரட்டுவதும் அந்தச் சிறு போக்குவரத்தினால்தான்.

சோடியத்தின் இன்னொரு கடமை தண்ணீரைப் பிடித்துவைப்பது. ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்றுகிற சலைன் புட்டியில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. நம் உடம்பு நீரின் உவர்ப்பும் ஏறக்குறைய அதே பிரமாணம். ஆகவே தேவைக்கு மேல் 9 கிராம் உப்பு உடம்பில் தங்கிவிட்டால், அதோடுகூட ஒரு லிட்டர் ஜலமும் தங்கத்தான் செய்யும். நல்ல சிறுநீரகம் உடையவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. மிகையானதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. குறைந்தால் ஏறக்குறைய முழுவதையும் தடுத்து நிறுத்தி, அடுத்த வேளைக்குச் சேமித்துக்கொள்கிறது.

இனி வைத்திய உலகத்தையே வியக்கவைத்த மூன்றாவது கடமை ஒன்று உண்டு. சிறுகுடலின் சுவரில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்துக்கொண்டு நுழைகிற ஒரு வாசல் இருக்கிறது; அவை நுழையும்போது தண்ணீரும் பின்தொடர்ந்து உள்ளே போகிறது. காலராவில் குடல் எவ்வளவுதான் நீரைக் கொட்டினாலும் இந்த வாசல் மட்டும் அடைபடுவதில்லை. 1971இல் வங்கதேச விடுதலைப் போரினால் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்த அகதிகள் பன்கான் முகாமில் கும்பல் கும்பலாகக் காலராவில் மடிந்தபோது, ஏற்றுவதற்குச் சலைன் போதாமல், டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பெரிய பாத்திரங்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிப்பிக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர்போல் செத்துக்கொண்டிருந்த நிலைமை மாறி, அந்தக் கரைசல் குடித்தவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவாக மரணம் இறங்கியது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதன் வம்சம். பொட்டலம் கிடைக்காத இராத்திரியில், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பு இதற்கு மேல் போனால் குழந்தைகளுக்கு ஆபத்து. கண்ணளவு இங்கே கூடவே கூடாது. கரைத்த நீரை நீங்கள் ஒரு வாய் ருசி பாருங்கள். கண்ணீரைவிட உவர்ப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடியும் கரைக்க வேண்டும்.

அப்படியானால் ஒரு நாளைக்கு எவ்வளவு? உயிர் வாழ்வதற்கு மட்டுமானால் அரைக் கிராம் சோடியத்துக்கும் குறைவே போதும். காய்கறியிலும் பாலிலும் தானியத்திலும் இயல்பாக உள்ளதே ஏறக்குறைய அதை ஈடுகட்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு விதித்திருக்கும் மேல் எல்லை 2 கிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு. தலைதட்டிய ஒரு தேக்கரண்டித் தூளுப்பு ஏறக்குறைய 6 கிராம் நிற்குமாதலால், நாள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். உலக மக்களோ சராசரியாக இதைப் போல இரு மடங்குக்கு மேல் உண்கிறார்கள் என்பது அதே நிறுவனத்தின் கணிப்பு.

மிகையாக உண்டால் என்ன நேரும் என்பதற்கு 1988இல் வெளியான ‘இன்டர்சால்ட்’ ஆராய்ச்சியைச் சொல்வது பொருந்தும். 32 தேசங்களில் 52 இடங்களில் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் ஒரு நாள் சிறுநீரைச் சேகரித்து, அதிலுள்ள சோடியத்தையும் அவர்களுடைய இரத்த அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் பிரேஸில் தேசத்துக் காடுகளில் வாழும் யானோமாமிக் குடிகளும் இருந்தனர். உப்பென்று தனியாக ஒன்றைச் சேர்த்து அறியாத அந்த மக்களின் சராசரி இரத்த அழுத்தம் ஏறக்குறைய 96க்கு 61. அதைவிட விசேஷம், வயது ஏற ஏற அழுத்தமும் ஏறுவதென்று நாம் விதியாகவே கொண்டுவிட்ட ஒன்று அவர்களிடத்தில் காணப்படவில்லை. அவர்கள் மெலிந்த தேகிகள், மது அறியாதவர்கள், ஓயாமல் உழைப்பவர்கள். ஆதலால் எல்லாப் புகழையும் உப்பில்லாமைக்கே கொடுத்துவிட முடியாது. ஆயினும் 2001இல் அமெரிக்காவில் 412 பேரை இரு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரே வகை ஆகாரத்தை மூன்று வேறு உப்பளவுகளில் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது, உப்பு ஒவ்வொரு படி இறங்க அழுத்தமும் உடன் இறங்கியது. காயும் கனியும் பால்பொருளும் நிறைந்த ஆகாரத்தோடு உப்புக் குறைவும் சேர்ந்தபோது பலன் மிகுந்தது. அழுத்தம் இறங்கினால் பக்கவாதமும் மாரடைப்பும் சிறுநீரகக் கேடும் விலகி நிற்கும் என்பதை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் பலரும் தடுமாறும் ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். இரத்தப் பரிசோதனைத் தாளில் சோடியம் 135க்கும் 145க்கும் இடையே இருப்பதைப் பார்த்து, நாம் உண்ணும் உப்பு சரியான அளவில்தான் இருக்கிறது என்று நிம்மதி கொள்கிறவர்கள் உண்டு. அந்த எண், உடம்பில் தண்ணீருக்கும் சோடியத்துக்கும் உள்ள விகிதத்தைத்தான் காட்டும். நாளுக்கு 15 கிராம் உப்பு உண்பவருக்கும் அது மாசு மறுவில்லாமல் இருக்கும். உண்ட அளவை அறிய ஒரு நாள் முழுவதும் கழித்த சிறுநீரைச் சேர்த்து அளக்க வேண்டும். அது எல்லாருக்கும் ஆகிற காரியமன்று. அதற்குப் பதிலாக ஒரு பென்சிலைக் கொண்டு செய்யக்கூடிய பரீட்சை ஒன்றை நான் சிபாரிசு செய்கிறேன்.

மேல்நாடுகளில் சோடியத்தின் பெரும்பங்கு ரொட்டியிலும் டப்பா உணவிலும் ஆலையிலிருந்தே வந்துவிடுகிறது. அங்கே சீர்திருத்தம் செய்ய வேண்டியவர்கள் முதலாளிகள். நம் வீடுகளிலோ இன்னமும் பெரும்பங்கு சமைப்பவர் கையிலிருந்துதான் விழுகிறது. இது நமக்கு ஒரு பாக்கியம் என்றே கருதுகிறேன். யாரையும் கெஞ்சாமல், எந்தச் சட்டத்துக்கும் காத்திராமல், நம் அடுக்களையிலேயே கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரித்து ஜாடியில் கொட்டும் நாளன்று, அந்தத் தேதியைக் காலண்டரில் பென்சிலால் குறித்துவையுங்கள். ஜாடி காலியாகும் தேதியையும் குறியுங்கள். ஆளுக்கு நாளுக்கு 5 கிராம் வீதம் ஒரு கிலோ உப்பு 200 ஆள்-நாட்களுக்கு வர வேண்டும். ஆகவே 200ஐ வீட்டிலுள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: இருவர் மட்டுமானால் 100 நாள், நால்வரானால் 50 நாள், ஐவரானால் 40 நாள். சிறு குழந்தைகளை அரை ஆளாகக் கணக்கிடலாம். கீரை அலசவும், மீன் கழுவவும், தொண்டை கொப்பளிக்கவும், திருஷ்டி சுற்றிப் போடவும் செலவாகும் உப்புக்கு வேறொரு ஜாடி வைத்துக்கொள்வது நலம்; இல்லாவிட்டால் கணக்குக் குழம்பிப்போகும்.

நாங்கள் நால்வர் உள்ள வீட்டில் இந்தப் பரீட்சையைச் செய்தபோது முதற் பொட்டலம் 24 நாளில் தீர்ந்துவிட்டது. ஆளுக்கு நாளுக்குப் பத்துக் கிராமுக்கு மேல்! “அளவாகத்தானே போடுகிறேன்” என்று என் மனைவி சொன்னது உண்மைதான். அந்த அளவு அவள் தாயாரிடமிருந்து கையால் கற்றது, அந்தக் கை கல்லுப்புக்குப் பழகியது. பரலாகக் கிடக்கும் கல்லுப்பின் இடுக்குகளில் காற்று நிற்பதால், அதே பிடிக்குள் தூளுப்பு எடையில் மிகுதியாகவே அடங்குகிறது. கல்லுப்பிலிருந்து தூளுப்புக்கு மாறிய குடும்பங்கள் பல, கையை மாற்றிக்கொள்ளாத காரணத்தால் தெரியாமலேயே உப்பை ஏற்றிக்கொண்டிருக்கக் கூடும் என்பது என் ஊகம்.

கையை நம்பாமல் கரண்டியை நம்புவது இதற்குப் பரிகாரம். அதிலும் எளிதான உபாயம், காலையில் அடுப்பு மூட்டுமுன்னே அன்றைய நாளுக்கான உப்பை ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து எடுத்து வைத்துக்கொண்டு, காலைச் சட்டினியிலிருந்து இரவுச் சாப்பாடு வரையில் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே எடுப்பது. மாவு கரைக்கும் உப்பும் அதிலேயே அடங்க வேண்டும். நால்வருக்கு இறுதியில் வந்து நிற்க வேண்டிய அளவு, அப்பளம் ஊறுகாய் கடைப் பலகாரம் முதலியவற்றுக்கு நாலில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டால், 15 கிராம்; அதாவது தலைதட்டிய இரண்டரைத் தேக்கரண்டி. ஆனால் முதல் நாளே அந்த இடத்துக்கு இறங்கிவிடப் பார்க்காதீர்கள். இப்போது செலவாகும் அளவிலேயே தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரைத் தேக்கரண்டி குறைத்து வாருங்கள். நாக்கு ஒரு பிடிவாதக்காரக் குழந்தை. திடீரென்று பிடுங்கினால் அலறும், மெல்ல மெல்ல வாங்கினால் கவனிக்காது. சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது புதிய அளவுக்குப் பழகிவிடுகிறது. பிறகு பழைய அளவில் சமைத்த பதார்த்தம் கரிப்பாகத் தோன்றும். எங்கள் வீட்டில் ஐந்தாவது மாதத்தில் பொட்டலம் 41 நாள் வந்தது. அதற்கப்புறம் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பாரை வாயில் வைத்த என் பையன், “அப்பா, இதில் யாரோ இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார்கள்” என்றான்.

சமைக்கும் முறையிலும் சில நுட்பங்கள் உண்டு. சாதம் வடிக்கும்போது உப்புப் போடுகிற வழக்கமுள்ள வீடுகள் முதலில் அதை நிறுத்திவிடலாம். குழம்பும் ரசமும் மோரும் ஊற்றிப் பிசைந்த பிறகு சாதத்திலிருந்த உப்பு யாருக்கும் நினைவிருப்பதில்லை. பருப்பு வேகும்போது உப்பு வேண்டாம். குழம்பு கொதித்துச் சுண்டிய பிறகே உப்பிட வேண்டும். நீர்த்திருக்கும்போது சரியாக இருந்த உப்பு சுண்டிய பின் மிகையாகிவிடும். பொரியலில் கடைசியாகத் தூவிய சிறிது உப்பு மேலாக ஒட்டிநின்று நாவில் உடனே படுவதால், முதலிலேயே போட்டு உள்ளிறங்கிய அதிக உப்பின் ருசியைத் தருகிறது. புளியும் எலுமிச்சையும், மிளகும் இஞ்சியும், தாளிக்கும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் உப்பின் குறையை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். கூட்டுப் பெருங்காயப் பொடியில் மாவு கலந்திருக்கும், அதைப் பற்றிக் கவலையில்லை. கடையில் விற்கும் சில மசாலாப் பொடிகளில் உப்பே ஒரு சரக்காகச் சேர்ந்திருப்பதைத்தான் கவனிக்க வேண்டும். உப்புக் கூடிவிட்ட குழம்பில் உருளைக்கிழங்கைப் போட்டால் அது உப்பை உறிஞ்சிவிடும் என்பது ஐதிகம். கிழங்கு குழம்பையே உறிஞ்சுகிறது, உப்பும் அதோடு போகிறது; அந்தக் கிழங்கையும் நாமே உண்கிறபோது கணக்கில் ஒரு குன்றுமணியும் குறையவில்லை.

இலையின் மேல் மூலையில் உப்பு வைக்கிற சம்பிரதாயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது தொடுவதற்காக வைத்ததே தவிரத் தீர்ப்பதற்காக வைத்ததன்று. ஊறுகாயின் விஷயம் அப்படியன்று. உப்பு அங்கே ருசிக்காக மட்டும் இல்லை, கெடாமல் காப்பதற்காகவும் இருக்கிறது. ஆதலால் அதைக் குறைத்துப் போட்டால் பூஞ்சணம் பூக்கும். பத்தில் ஒரு பங்கு உப்பென்று குறைவாகவே மதித்தாலும், பத்துக் கிராம் ஊறுகாயில் ஒரு கிராம் உப்பு, அதாவது ஒரு நாளின் பங்கில் ஐந்தில் ஒன்று, ஒரு விரல் நுனியில் தீர்ந்துபோகிறது. கருவாடும் அந்த ஜாதியே. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இருமுறை அலசினால் மேலுப்பு ஓரளவு நீங்கும். அப்புறம் அந்தக் குழம்புக்கு வேறு உப்பு அநேகமாகத் தேவைப்படாது. வற்றல், வடகம், அப்பளம் ஆகியவற்றை ஒரே நாளில் இரண்டு வகையாக வைக்காமல், ஒரு நாளைக்கு ஒன்று என்று விதித்துக்கொண்டால் அதுவே பெரிய மிச்சம்.

பொட்டலப் பண்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூறு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் சோடியம் என்று முதுகில் அச்சிட்டிருப்பார்கள், இரண்டரையால் பெருக்குங்கள். இரண்டு நிமிஷத்தில் வெந்துவிடுகிற நூடுல்ஸ் பொட்டலங்களில் ஏறக்குறைய ஆயிரம் மில்லிகிராம் சோடியம் உள்ளவை உண்டு. ஒரு குழந்தையின் மாலைச் சிற்றுண்டி ஒரு பெரியவரின் நாளில் பாதியை விழுங்கிவிடுகிறது. ரொட்டியும் பிஸ்கோத்தும் இனிப்பாகத் தோன்றினாலும் அவற்றிலும் உப்பும் சோடாவும் உண்டு.

உப்பில் உயர்ஜாதி, தாழ்ஜாதி என்று பேசுவது இப்போது நாகரிகமாயிருக்கிறது. தூத்துக்குடி அளத்துக் கல்லுப்பும், பாறையில் வெட்டிய இளஞ்சிவப்பு இந்துப்பும், ஆலையில் சுத்தம் செய்த வெள்ளைத் தூளும் நிறத்திலும் விலையிலும் வேறுபட்டாலும், சோடியத்தில் ஏறக்குறைய ஒன்றே. இந்துப்பில் உள்ள மற்றத் தாதுக்கள், நாம் உண்ணும் சிட்டிகை அளவில் கணக்கில் வராத சொற்பம். மாறாக, அயோடின் சேராத உப்பையே நெடுநாள் உண்டால் கழலை நோய்க்கு இடமுண்டு. கருவிலிருக்கும் சிசுவின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் இன்றியமையாதது. அதனால்தான் வாங்குபவர் கைக்கு வரும்போது உப்பில் பத்து லட்சத்துக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டுமென்று நம் நாட்டில் விதி செய்திருக்கிறார்கள். அயோடின் சேர்த்த கல்லுப்பும் கிடைக்கிறது. பொட்டலத்தைப் பார்த்து வாங்கி, ஈரமும் வெயிலும் படாமல் மூடிவைக்க வேண்டும்.

சோடியத்தில் ஒரு பங்கை நீக்கி அதற்குப் பதில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்த உப்பு ஒன்று உண்டு. சீனாவில் 600 கிராமங்களில், பக்கவாதம் கண்டவர்களும் கொதிப்புள்ள முதியவர்களுமாக ஏறக்குறைய 21,000 பேரிடம் ஐந்து வருஷம்போல் இதைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். முக்கால் பங்கு சோடிய உப்பும் கால் பங்கு பொட்டாசிய உப்பும் கலந்ததை உண்ட கிராமங்களில் பக்கவாதம் நூற்றுக்கு 14 வீதம் குறைந்திருந்தது. சாமானியமான பலனன்று இது. ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் சில கொதிப்பு மருந்துகளை உண்பவர்களுக்கும் இந்த உப்பே எமனாகக் கூடும். பொட்டாசியம் மிஞ்சினால் நெஞ்சின் துடிப்பு தாறுமாறாகும். வைத்தியரைக் கேளாமல் அவர்கள் இதை வாங்கலாகாது. சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களோ கீரை, பயறு, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றிலிருந்து பொட்டாசியத்தைத் தாராளமாகப் பெறலாம். அது சோடியத்தைச் சிறுநீரில் வெளியே தள்ள உதவுகிறது. காயை வேகவைத்த நீரைக் கொட்டிவிடும் பழக்கம் அந்தப் பொட்டாசியத்தில் ஒரு பகுதியைச் சாக்கடைக்கு அனுப்புவதேயாகும்.

இனி, குறைக்கக் கூடாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1930இல் காந்தியடிகள் தண்டியிலும் இராஜாஜி வேதாரணியத்திலும் உப்பு அள்ளிச் சட்டத்தை மீறியபோது எடுத்துக்காட்டிய நியாயங்களில் ஒன்று, வெயிலில் உழைக்கும் ஏழைக்கே உப்பு மிகுதியாக வேண்டும் என்பது. (அந்தக் காந்தியடிகளே தென்னாப்பிரிக்காவில் தொடங்கிப் பல வருஷங்கள் உப்பு நீக்கிய ஆகாரத்தை உண்டவர் என்பது சுவையான செய்தி.) சித்திரை வெயிலில் கதிர் அறுப்பவர்களும், கட்டட வேலை செய்பவர்களும், செங்கற் சூளையில் நிற்பவர்களும் வியர்வையில் சோடியத்தை மெய்யாகவே இழக்கிறார்கள், அவர்கள் பருகும் உப்பிட்ட நீராகாரத்தையும் மோரையும் தடுக்க நான் இந்த அத்தியாயத்தை எழுதவில்லை. விசிறியடியில் அமர்ந்து கணக்கெழுதுகிறவர், தமக்கும் வியர்க்கிறதே என்று அந்த மோரில் பங்கு கேட்கக் கூடாது, அவ்வளவே.

ஒரு வயது நிரம்பாத குழந்தையின் கஞ்சியிலும் பருப்புச் சாதத்திலும் உப்பே சேர்க்க வேண்டாம். அதன் சிறுநீரகம் இன்னும் முதிரவில்லை. பாலிலிருந்தும் உணவிலிருந்தும் வருவதே அதற்குப் போதும். உப்பில்லாமல் எப்படித் தின்னும் என்று பாட்டிமார் இரங்குவது தங்கள் நாக்கைக் கொண்டுதான். உப்பை அறியாத நாக்குக்கு அதன் இன்மை தெரியாது.

முதியவர்கள் விஷயத்தில் இரு புறமும் எச்சரிக்கை வேண்டும். நீர் பிரியும் மாத்திரை உண்பவர்களும், பசி குன்றிப் பத்தியத்தின்மேல் பத்தியமாக இருப்பவர்களும் சோடியம் குறைந்து, தள்ளாடுவதும் குழம்பிப் பேசுவதும் உண்டு. அதை மூப்பென்று விட்டுவிடாமல் அன்றே இரத்தம் பார்க்க வேண்டும். சோடியம் குறைந்திருக்கிறது என்று தாள் சொன்னவுடன் உப்பை அள்ளிக் கொடுத்துவிடுவதும் தவறு; உப்புக் குறையாமல் தண்ணீர் மிகுந்ததாலும் அந்த எண் இறங்கும், அப்போது குறைக்க வேண்டியது தண்ணீராயிருக்கும். எதுவென்று வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

இருதயம் தளர்ந்து கால் வீங்குகிறவர்கள் மட்டும் காலண்டரில் இன்னொரு எண்ணையும் எழுத வேண்டும். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், காபி குடிப்பதற்கு முன், ஒரே தராசில் நின்று எடையைக் குறியுங்கள். இரண்டு நாளில் ஒன்றரைக் கிலோ ஏறினால் அது சதையன்று. ஒன்றரை லிட்டர் தண்ணீர். அதைப் பிடித்துவைத்த உப்பு எந்த வேளையில், எந்தப் பதார்த்தத்தில் வந்ததென்று நினைவுபடுத்திக்கொண்டு, காலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றே வைத்தியரைப் போய்ப் பாருங்கள். பெரியப்பாவின் காலண்டரில் அப்படி ஏறிய ஒவ்வொரு நாளுக்கும் முந்திய நாள் ஓர் அமாவாசையோ விருந்தோ இருந்தது. அந்த இரண்டு நாளிலும் எங்கள் வீட்டில் அப்பளம் பொரிப்பது வழக்கம்.